மில் டீம், பேங்க் டீம், நட்சத்திர டீம்: மூணு தடவை விழுந்த லீக்கின் கதை

2025 ஜூலை மாசம் ஐ.எஸ்.எல் கால்பந்து லீக்கை நிறுத்தி வைக்கிறோம்னு அறிவிப்பு வந்தப்போ, இந்தியக் கால்பந்துக்கு இப்படி நடக்கிறது இதுதான் முதல் தடவைங்கிற மாதிரி எல்லாரும் பேசினாங்க. எனக்கு என்னமோ பழைய படத்தை டிஜிட்டல்ல மறுவெளியீடு பண்ணின மாதிரி இருந்தது. ஹீரோ மாறியிருக்கார், பாட்டெல்லாம் புதுசு, கிளைமாக்ஸ் மட்டும் அதே கிளைமாக்ஸ்.

இந்தியாவில் தேசிய அளவிலான கால்பந்து லீக் இதுவரை மூணு தடவை பிறந்திருக்கு. 1996ல் ஒண்ணு, 2007ல் ஒண்ணு, 2014ல் ஒண்ணு. முதலாவது 11 சீசனோட முடிஞ்சுது. ரெண்டாவதைத் தூக்கி இரண்டாம் வகுப்புப் பெட்டியில் உட்கார வச்சாங்க. மூணாவது 2025ல் மூச்சுத் திணறிப்போச்சு. ஒவ்வொரு தடவையும் சொல்லப்பட்ட காரணம் ஒண்ணுதான்: "நம்ம ஜனங்களுக்கு கிரிக்கெட்தான் பிடிக்கும், ஃபுட்பால் பார்க்க ஆள் இல்லை". இந்தக் காரணம் தப்புங்கிறதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கிரிக்கெட் நண்பர்கள் இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்குங்க :-)

லீக்குக்கு முன்னாடி

நம்ம நாட்டுல கால்பந்து ரொம்பப் பழசு. டூரண்ட் கோப்பை 1888ல் தொடங்கினது. ஐ.எஃப்.ஏ ஷீல்டு 1893. மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் டிராபி 1941. ஆனா இதெல்லாமே டோர்னமென்ட். ரெண்டு வாரம் ஆடுவாங்க, கோப்பையை வாங்கிட்டு ரயிலேறிடுவாங்க. வருஷம் முழுக்க ஊர் ஊராப் போய் ஆடுற தேசிய லீக் கிடையாது.

சரி, இந்த டோர்னமென்ட்டுகளில் ஆடினவங்களுக்குச் சம்பளம் கொடுத்தது யாரு? இங்கதான் கதையோட முடிச்சே இருக்கு.

கொல்கத்தாவின் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மாதிரி சில பெரிய கிளப்புகளை விட்டுட்டுப் பார்த்தா, மீதி டீம் பெரும்பாலும் ஏதாவது ஒரு அலுவலகத்தோட டீம்தான். ஐம்பதுகளில் இந்தியாவையே கலக்கின ஹைதராபாத் சிட்டி போலீஸ் ஒரு காவல்துறை டீம். அதோட கோச் எஸ்.ஏ.ரஹீம்தான் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியாவை நாலாவது இடத்துக்கும், 1962 ஆசிய விளையாட்டில் தங்கத்துக்கும் கொண்டுபோனவர். 1977ல் முதல் ஃபெடரேஷன் கோப்பையில் மோகன் பகானைத் தோற்கடிச்சு ஜெயிச்சது பெங்களூர் ஐ.டி.ஐ. அதாவது டெலிபோன் செய்யுற தொழிற்சாலை. 1990லும் 1991லும் அதே கோப்பையை ஜெயிச்சது கேரள போலீஸ். சென்னையிலும் ஐ.சி.எஃப், தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, வருமான வரித்துறைன்னு இதே கதைதான்.

பந்து நல்லா ஆடுற பையனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை. காலையில பயிற்சி, அப்புறம் ஆபீஸ்ல போய் கையெழுத்து, மேட்ச் இருந்தா ஆன் டியூட்டி. முட்டி போயிட்டாக்கூட கிளார்க் வேலை இருக்கும், ரிடையர் ஆனா பென்ஷன் வரும்.

எங்க பாண்டிச்சேரியில உப்பளம் கிரவுண்டுக்குப் பையனை அனுப்பின அப்பாமார்கள் மனசுல இருந்ததும் அதுதான். கலை நயத்துக்காகப் பந்தாட அனுப்பினவங்க ரொம்பக் கம்மி. எங்க தெருவுல ஒரு அண்ணன் இருந்தார். லெஃப்ட் விங்கர். படிப்பு பத்தாவதைத் தாண்டலை. எண்பதுகளில் வெளியூர் டோர்னமென்ட் ஒண்ணுல அவர் ஆடினதைப் பார்த்து ஒரு பொதுத்துறை நிறுவனம் கூப்பிட்டு வேலை கொடுத்தது. வீடு கட்டினார், ரெண்டு தங்கச்சிக்குக் கல்யாணம் பண்ணி வச்சார். அவரைப் பார்த்துத்தான் எங்க தெருவுல பத்துப் பையன் பூட்ஸ் வாங்கினான். நானும் வாங்கினேன், ஆனா நமக்கு வந்தது எழுத்துதான், ஆட்டம் வரலை.

1996: முதல் லீக்

ஜப்பான் 1993ல் தொழில்முறை லீக் தொடங்கிட்டது. சீனா 1994ல். நம்ம அகில இந்திய கால்பந்து சம்மேளனம் 1996ல் தேசிய கால்பந்து லீக்கை ஆரம்பிச்சது. பிலிப்ஸ் கம்பெனி ஸ்பான்சர்.

முதல் சாம்பியன் யாரு தெரியுமா? கொல்கத்தா ஜாம்பவான்கள் யாரும் இல்லை. பஞ்சாப்ல பக்வாராங்கிற சின்ன ஊர்ல இருந்த ஜே.சி.டி மில். ஜகத்ஜித் காட்டன் டெக்ஸ்டைல். எங்க ஊருக்கு ஏ.எஃப்.டி மில் எப்படியோ, பக்வாராவுக்கு அது அப்படி. அந்த மில் டீம்ல பாய்ச்சுங் பூட்டியா, ஐ.எம்.விஜயன், ஜோ பால் அஞ்சேரின்னு பெரிய பட்டாளமே இருந்தது. பூட்டியா அந்த சீசன்ல 14 கோல் போட்டு முதலிடம்.

பார்க்க ஆள் இல்லைன்னு சொல்றவங்களுக்கு ஒரே ஒரு கணக்கு. 1997 ஜூலை 13, கொல்கத்தா சால்ட் லேக் மைதானம், ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் ஆடின அந்த ஒரு மேட்சுக்கு வந்த கூட்டம் 1,31,781 பேர். பூட்டியா ஹாட்ரிக். ஈஸ்ட் பெங்கால் 4-1. லீக் தொடங்கின முதல் வருஷத்திலேயே நாட்டுல இவ்வளவு பசி இருந்தது. சோறு பரிமாறத் தெரியாமப் போனதுதான் பிரச்சினை.

தமிழ்நாட்டு சார்பா அந்த லீக்ல ஆடினது இந்தியன் வங்கி. கவுண்டர்ல உட்கார வேண்டியவங்க நேரு ஸ்டேடியத்துல ஓடினாங்க. சையத் சபீர் பாஷா மாதிரி இந்தியாவுக்கு ஆடின வீரர்கள் அந்த டீம்ல இருந்தாங்க. (இதே சபீர் பாஷா பின்னால சென்னையின் எஃப்.சியில் உதவி கோச்சா இருந்தார்.)

அந்த வங்கி டீம்ல இன்னொருத்தரைச் சொல்லாம இருக்க முடியாது. வி.பி.சத்யன். கண்ணூர் மாவட்டம் சொக்லிக்காரர். சொக்லி எங்க புதுச்சேரி மாநிலத்தோட மாஹேவுக்குப் பக்கத்து ஊர், அதனால ஒரு உரிமையோட சொல்றேன். கேரள போலீஸ் கோப்பை ஜெயிச்ச காலத்து நாயகன், இந்திய அணியின் கேப்டன். காயத்தோட போராடிக்கிட்டே ஆடினவர். கடைசியில் இந்தியன் வங்கிக்கு வந்து ஆடினார், கோச்சாவும் இருந்தார். 2006 ஜூலை 18ல் சென்னை பல்லாவரத்தில் தன் வாழ்க்கையைத் தானே முடிச்சுக்கிட்டார். 41 வயசு. அவர் வாழ்க்கையை வச்சு 2018ல் மலையாளத்துல 'கேப்டன்'னு ஒரு படம் வந்தது. வேலை இருந்தா எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்ல வரலை. ஆட்டத்தை இழந்த ஆட்டக்காரனோட வலிக்கு வங்கி வேலை மருந்தில்லை. ஆனா அடுத்து வந்த தலைமுறைக்கு அந்த வேலையும் இல்லாமப் போச்சு. அதுதான் மேல சொல்லப்போற கதை.

கொச்சியில ஒரு ஒத்திகை

1997ல் கேரளாவுல எஃப்.சி கொச்சின்னு ஒரு கிளப் தொடங்கினாங்க. மில் இல்லை, வங்கி இல்லை, போலீஸ் இல்லை. முழுநேரத் தொழில்முறை கிளப். ஐ.எம்.விஜயனும் அஞ்சேரியும் பஞ்சாப்பை விட்டுட்டு இங்க வந்தாங்க. தொடங்கின வருஷமே மோகன் பகானை ஜெயிச்சு டூரண்ட் கோப்பையைத் தூக்கினாங்க. அதை ஜெயிச்ச முதல் கேரள கிளப். 1997-98 லீக்ல 10 கோல் போட்டு அதிக கோல் அடிச்சவர் இந்த கிளப்போட ராமன் விஜயன், நம்ம தமிழ்நாட்டுக்காரர்.

அஞ்சே வருஷம். சம்பள பாக்கி, கடன், வீரர்கள் ஒவ்வொருத்தரா வெளியேற்றம். 2002ல் கடையைச் சாத்திட்டாங்க. பின்னால பெரிய அளவுல நடந்த எல்லாத்துக்கும் கொச்சியில நடந்தது ஒத்திகை மாதிரின்னு இப்போ தோணுது. போலீஸ் டீம்லயும் வங்கி டீம்லயும் ஆடினவனுக்கு, டீம் தோத்தாலும் ஒண்ணாம் தேதி சம்பளம் வரும். கிளப்ல ஆடினவனுக்கு முதலாளி மனசு மாறினா அன்னிக்கே சோறு போச்சு.

ஏன் விழுந்தது?

முதல் லீக்கை 2007ல் மூடினாங்க. 11 சாம்பியன் பட்டத்துல மோகன் பகான் 3, ஈஸ்ட் பெங்கால் 3, கோவாவின் டெம்போ 2, சல்கோகர் 1. மீதி ரெண்டுல ஒண்ணு ஜே.சி.டி மில், இன்னொண்ணு மும்பை மஹிந்திரா கம்பெனி டீம். தெற்குக்கு ஒரு முட்டை. அதாவது கிளப்னு ஒண்ணு தன்னோடதுன்னு ஊரே நினைச்ச ரெண்டு இடத்துலதான் (கொல்கத்தா, கோவா) லீக் உயிரோட இருந்தது. மத்த இடங்கள்ல அது ஒரு கம்பெனியோட விளையாட்டுப் பிரிவு, அவ்வளவுதான்.

யோசிச்சுப் பாருங்க. ஒரு வங்கி டீமுக்கு ரசிகர் மன்றம் வைப்பீங்களா? "எங்க பேங்க்டா"ன்னு சொல்லிக்கிட்டு சனிக்கிழமை சாயங்காலம் டிக்கெட் எடுத்துப் போவீங்களா? டெபாசிட் வேணா போடுவோம். மைதானம் அரசாங்கத்தோடது, வாடகைக்கு எடுக்கணும். நிறைய இடத்துல ராத்திரி ஆட விளக்கு இல்லை, அதனால வேலை நாள் மத்தியான வெயில்ல மேட்ச். டிக்கெட் காசு டீக்கு ஆகாது. பக்வாராவுல இருந்து கோவாவுக்கும் சென்னைக்கும் டீமை அனுப்புற செலவு முழுக்க கம்பெனி தலையில. லாபம் வர்ற வருஷம் முதலாளி சிரிச்சுக்கிட்டே கொடுப்பார். நூல் விலை விழுந்த வருஷம் முதல்ல எதை வெட்டுவார்? தறியையா, பந்தையா?

ஐ-லீக்: மூடுவிழா வரிசை

2007-08ல் 10 டீமோட ஐ-லீக் வந்தது. பேர்தான் மாறிச்சு, பெரும்பாலும் அதே டீம்கள். முதல் சாம்பியனும் டெம்போதான். ஆனா இந்தத் தடவை ஆசிய கால்பந்து கூட்டமைப்போட லைசென்ஸ் விதிகளும் சேர்ந்து வந்தது. கிளப்னா தனி நிறுவனமா இருக்கணும், இளைஞர் அணிகள் வேணும், கணக்கு வழக்கு வேணும். கேட்க நல்லாத்தான் இருக்கு. நியாயமும்கூட. ஆனா நம்ம ஊர்ல என்ன ஆச்சு?

மஹிந்திரா யுனைடெட் 2010ல் கலைக்கப்பட்டது. முதல் சாம்பியன் ஜே.சி.டி 2011ல் கடையைக் கட்டிச்சு. ஏர் இந்தியாவும் ஓ.என்.ஜி.சியும் லைசென்ஸ் விதிப்படி இல்லைன்னு 2013ல் வெளியே. புனேவுல பாரத் எஃப்.சி 2015ல் ஒரே ஒரு சீசன் ஆடிட்டுக் காணாமப் போச்சு. ஷில்லாங்கின் ராயல் வாஹிங்டோ அதே வருஷம் லீக்ல மூணாவது இடம் பிடிச்சுட்டு விலகிச்சு. 2016ல் டெம்போ, சல்கோகர், ஸ்போர்ட்டிங் கோவா மூணும் சம்மேளனத்தோட திட்டத்தை எதிர்த்து வெளியேறின. வாசிக்கிறப்போ சாவு வீட்டு மொய் நோட்டு மாதிரி இருக்கா? எனக்கும் எழுதுறப்போ அப்படித்தான் இருக்கு.

இதுல கம்பெனி டீம் போனதுதான் பெரிய விஷயம்னு நான் நினைக்கிறேன். அது போனப்போ அதோட சேர்ந்து வேலையும் போச்சு. வேலைக்குப் பதிலா வந்தது கான்டிராக்ட். ஒரு வருஷம், ரெண்டு வருஷம். காசு முன்னைவிட அதிகம், சந்தேகமே இல்லை. ஆனா முட்டி போனா? கிளப் மூடினா?

இந்த இருட்டுக்குள்ள ஒரு மத்தாப்பு சென்னை சிட்டி எஃப்.சி. 2016-17ல் ஐ-லீக்ல நுழைஞ்ச டீம். சொந்த மைதானமா ஆடினது கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். பேரு சென்னை, ஊரு கோவை. கோச் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ். 2018-19 சீசன்ல ஸ்பெயின்காரர் பெட்ரோ மான்சி மட்டும் 21 கோல். கடைசி நாள் 2019 மார்ச் 9. சென்னை சிட்டி ஜெயிச்சே ஆகணும், இல்லைன்னா ஈஸ்ட் பெங்கால் தட்டிக்கிட்டுப் போயிடும். மினர்வா பஞ்சாப் மூணாவது நிமிஷத்துலயே கோல் போட்டுடுச்சு. ரெண்டாவது பாதியில மான்சி ஒரு பெனால்டி, அப்புறம் கௌரவ் போரா ரெண்டு கோல். போரா யாருன்னா டிஃபெண்டர்! 3-1. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்துல (43க்கு 42) தமிழ்நாட்டு டீம் ஐ-லீக் சாம்பியன். கன்னியாகுமரி கடற்கரைக் கிராமத்துல இருந்தும் வடசென்னை வியாசர்பாடியில இருந்தும் வந்த பசங்க அந்த கிளப் வழியாத்தான் வெளிச்சத்துக்கு வந்தாங்க. மைக்கேல் சூசைராஜ், நந்தகுமார் சேகர் ரெண்டு பேரும் அப்படித்தான்.

அப்புறம்? சுவிட்சர்லாந்தின் எஃப்.சி பாசல் 26 சதவீத பங்கு வாங்கினது. 2020 ஜனவரியில ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுல பஹ்ரைனின் ரிஃபா கிளப்போட மோதினப்போ, 'சொந்த மைதான' ஆட்டம் நடந்தது அகமதாபாத்துல. மான்சி ஜப்பான் போயிட்டார். கொரோனா வந்தது. 2021க்கு அப்புறம் அந்த கிளப் ஐ-லீக்லயே இல்லை. சாம்பியன் ஆகி ரெண்டே வருஷத்துல.

இன்னொரு கொடுமையும் உண்டு. ஜெயிச்ச அந்த வருஷமே முதல் தர லீக்ங்கிற இடம் ஐ.எஸ்.எல்லுக்குக் கைமாறிக்கிட்டு இருந்தது. ஐ-லீக் சாம்பியனுக்கு மேல போற கதவு திறந்தது 2023ல்தான், பஞ்சாப் டீமுக்கு. சென்னை சிட்டிக்கு அந்தக் கதவு பூட்டியே இருந்தது.

ஐ.எஸ்.எல்: நட்சத்திரங்கள் வந்த காலம்

2010 டிசம்பர்ல சம்மேளனம் தன்னோட வணிக உரிமையை 15 வருஷத்துக்கு, 700 கோடி ரூபாய்க்கு ஐ.எம்.ஜி-ரிலையன்ஸ் கிட்ட கொடுத்தது. அதுல இருந்து பிறந்ததுதான் ஐ.எஸ்.எல். 2014 அக்டோபர் 12ல் கொல்கத்தாவுல முதல் மேட்ச்.

ஒத்துக்கணும், அந்த முதல் வருஷம் எங்க ஊர்ல திருவிழா. பிரெஞ்சு ராணுவத்துல இருந்துட்டு வந்து பென்ஷன் வாங்குறவங்களை இங்க 'சொல்தா'ன்னு சொல்லுவோம். 1998 உலகக் கோப்பை ஃபைனல் நம்ம நேரத்துக்கு நடுராத்திரி பன்னெண்டரைக்கு. பிரான்ஸ் 3-0ன்னு பிரேசிலை அடிச்சப்போ எங்க தெரு சொல்தா வீட்டு மாடியில விடிய விடிய வெடிச் சத்தம். அந்த பிரான்ஸ் டீம்ல ஆடின ராபர்ட் பிரஸ் கோவாவுக்கு வந்தார். டேவிட் ட்ரெசெகே புனேவுக்கு. இன்னொரு பிரெஞ்சுக்காரர் நிக்கோலா அனெல்கா மும்பைக்கு. மிக்கேல் சில்வெஸ்டரும் பெர்னார்ட் மெண்டியும் இதோ மூணு மணி நேர பஸ் தூரத்துல சென்னைக்கு! சொல்தா வீட்டுப் பேரப்பசங்க ஈ.சி.ஆர் பஸ் பிடிச்சு நேரு ஸ்டேடியம் போனாங்க. அபிஷேக் பச்சன் முதலாளி, மார்கோ மட்டெராசி கோச்சும் ஆட்டக்காரருமா. 2015 ஃபைனல்ல கோவா மண்ணுலயே கடைசி நிமிஷங்கள்ல ரெண்டு கோல் போட்டு 3-2ன்னு சென்னையின் கோப்பையைத் தூக்கினதை யாரும் மறக்க முடியாது. 2018ல் பெங்களூர்ல ரெண்டாவது கோப்பை.

ஆக கூட்டமும் வந்தது, டிவியும் வந்தது, விளக்கும் வந்தது. முதல் லீக்குக்கு இல்லாதது எல்லாம் வந்தது. அப்புறம் ஏன்?

இந்த டீம்களோட முகவரியைக் கொஞ்சம் பாருங்க. டெல்லி டைனமோஸ் 2019ல் மூட்டை கட்டி புவனேஸ்வர் போய் ஒடிஷா எஃப்.சி ஆச்சு. அதே வருஷம் புனே சிட்டி கலைஞ்சு அந்த இடத்துக்கு ஹைதராபாத் எஃப்.சி வந்தது. அந்த ஹைதராபாத் 2021-22ல் சாம்பியனும் ஆச்சு. 2025ல் அதுவும் டெல்லிக்கு இடம்பெயர்ந்து வேற பேர் வச்சுக்கிச்சு. ரஹீம் வளர்த்த ஹைதராபாத்துங்க! வாடகை வீட்டுக்காரன் மாதிரி லாரியில சாமான் ஏத்திக்கிட்டுப் போற டீமை எந்த ஊர் தன் பிள்ளையா நினைக்கும்?

15 வருஷ ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8ல் முடியணும். சம்மேளனத்தோட சட்டவிதி வழக்கு உச்ச நீதிமன்றத்துல இருந்ததால புதுப்பிக்கிறது இழுத்துக்கிட்டே போச்சு. ஜூலையில சீசனை நிறுத்தி வச்சாங்க. ஆகஸ்டுல பெங்களூர் கிளப் சம்பளத்தை நிறுத்தினது. சென்னையின் எஃப்.சியும் தன் செயல்பாடுகளை நிறுத்தி வச்சது. புது டெண்டருக்கு நவம்பர்ல பார்த்தா ஒரு விண்ணப்பம்கூட இல்லை. கடைசியில மத்திய விளையாட்டு அமைச்சர் தலையிட்டு, 2026 பிப்ரவரி 14ல் 14 டீமோட, ஒருத்தரோட ஒருத்தர் ஒரே தடவை மட்டும் மோதுற சுருக்கமான லீக் தொடங்கினது. ஆக்சிஜன் வச்சாங்கன்னு சொல்லலாம். எழுந்து நடந்ததுன்னு சொல்ல மாட்டேன்.

இதே கதை ஜப்பான்ல வேற மாதிரி முடிஞ்சது

1993க்கு முன்னாடி ஜப்பான்லயும் கம்பெனி டீம்தான். மிட்சுபிஷி, நிசான், மஸ்தான்னு (நம்ம ஊர் மஸ்தான் இல்லை, கார் கம்பெனி மஸ்தா!). ஆடுறவங்க அந்தக் கம்பெனி ஊழியர்கள். நம்ம ஜே.சி.டி, இந்தியன் வங்கி கதையேதான். ஜே-லீக் தொடங்கினப்போ ஒரு நிபந்தனை போட்டாங்க: டீம் பேர்ல கம்பெனி பேர் கூடாது, ஊர் பேர் இருக்கணும். மிட்சுபிஷி உராவா ரெட்ஸ் ஆச்சு. நிசான் யோக்கோஹாமா மரினோஸ். மஸ்தா ஹிரோஷிமா. கம்பெனியைத் துரத்தலை. பணம் போடு, ஆனா டீம் ஊரோடதுன்னு சொன்னாங்க. 10 டீமோட தொடங்கின லீக் இன்னிக்கு மூணு டிவிஷன்ல 60 கிளப்.

அங்கயும் அடி விழுந்தது. 1998ல் ஸ்பான்சர் கையை விரிச்சதால யோக்கோஹாமா ஃப்ளூகல்ஸ் கிளப்பை மரினோஸ் கூட இணைச்சுட்டாங்க. ரசிகர்கள் என்ன பண்ணாங்க தெரியுமா? ஒத்துக்க முடியாதுன்னு காசு சேர்த்து யோக்கோஹாமா எஃப்.சின்னு புதுசா ஒரு கிளப்பே தொடங்கினாங்க. அது கீழ இருந்து ஏறி 2007ல் முதல் டிவிஷனுக்கு வந்தது.

எங்களுக்குப் பரிச்சயமான பிரான்சுலயும் ஒரு உதாரணம் இருக்கு. சோஷோங்கிற ஊர்ல பூஜோ கார் கம்பெனி 1928ல் தொடங்கின கிளப். 1935, 1938 பிரெஞ்சு சாம்பியன். 2015ல் கம்பெனி கிளப்பை வித்துட்டு விலகிடுச்சு. 2023ல் திவால் விளிம்புக்கே வந்துட்டது. அப்போ அந்த ஊர்க்காரங்களும் உள்ளூர் முதலீட்டாளர்களும் சேர்ந்து காசு போட்டுக் காப்பாத்தினாங்க. மூணாவது டிவிஷனுக்கு இறங்க வேண்டியதாச்சு, ஆனா உயிரோட இருக்கு.

பக்வாராவுல ஜே.சி.டி மூடினப்போ, கொச்சியில எஃப்.சி கொச்சி மூடினப்போ, கோவையில சென்னை சிட்டி மறைஞ்சப்போ அப்படி எழுந்து வர ஒரு ஊர் இல்லை. பார்க்க ஆள் இருந்தாங்க, பாத்தியதைப்பட்டவங்க யாரும் இல்லை. மில்லுக்கு ஒரு முதலாளி, வங்கிக்கு ஒரு சேர்மன், ஐ.எஸ்.எல் டீமுக்கு ஒரு நட்சத்திரம். அந்த ஒருத்தர் கையை எடுத்தா டீம் கீழே. மூணு தடவை விழுந்ததுக்கும் காரணம் இதுதான்னு என் சிற்றறிவுக்குப் படுது.

சரி, இப்போ என்ன?

எங்க ஊர் ஏ.எஃப்.டி மில்லையும் 2020ல் ஒரேயடியா மூடிட்டாங்க. மில் போன ஊர்ல அரசு வேலைக்கும் ஆள் எடுப்பு குறைஞ்சு போன காலத்துல, உப்பளத்துல ஒரு பையன் நல்லா ஆடுறான்னா அவங்க அப்பாகிட்ட என்ன சொல்றது? எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் வெளி மாநிலத்துல ஒரு சின்ன கிளப்ல கான்டிராக்ட் போட்டான். மூணு மாசச் சம்பளம் வரலை. திரும்பி வந்து இப்போ பைக்ல சாப்பாடு டெலிவரி பண்றான். லெஃப்ட் விங்கர்தான் இவனும். எங்க தெரு அண்ணனைவிட வேகம், சத்தியமா.

அந்தக் காலமே திரும்ப வரணும்னு நான் அழலை. வங்கி டீம் லீக் ஆடுற காலம் போயிடுச்சு, வராது. ஆனா அண்ணனுக்குக் கிடைச்ச பாதுகாப்பைப் பிடுங்கினவங்க, அதுக்குப் பதிலா இந்தப் பையனுக்கு என்ன கொடுத்தாங்கன்னு கேட்கலாம் இல்லையா? சம்பளத்துக்கு வங்கி உத்தரவாதம் இல்லாத கிளப்பை லீக்ல சேர்க்காதேன்னு சொல்லலாம். டீமை ஊரை விட்டு ஊர் மாத்தாதேன்னு சொல்லலாம். கிளப்புல அந்த ஊர் ரசிகர்களுக்கும் கொஞ்சம் பங்கு கொடுன்னு சொல்லலாம். இதெல்லாம் நட்சத்திரத்தைக் கூட்டிக்கிட்டு வர்றதைவிடச் செலவு கம்மி.

நேரு ஸ்டேடியத்துல இந்தியன் வங்கி மேட்ச் பார்த்தவங்க, கோவையில அந்த மார்ச் 9 மேட்ச்சுக்குப் போனவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல உங்க நினைவை எழுதுங்க. அந்த டீம்களுக்கு மைதானம் இல்லை, அருங்காட்சியகம் இல்லை. யாராவது எழுதி வச்சாத்தான் உண்டு.

டிஸ்கி: அடுத்த பதிவு மாஹே பக்கத்து செவன்ஸ் ஆட்டம் பத்தி. அங்க ஊரே முதலாளி, அதனால இன்னும் விழலை :-)